நூற்றைம்பது சென்டிமீட்டர் மரியாதை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் "வந்தாச்சா?"தான்.

ஜனவரி வரைக்கும் மாமனார் என்னை "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். நான் வேலையை விட்டேன், வாடகை வீட்டைக் காலி செய்தேன், பெட்டி படுக்கையோடு அவர் வீட்டு மாடி அறையில் வந்து இறங்கினேன். முதல் வாரம் "மாப்பிள்ளை" போனது. இரண்டாம் வாரம் "வாங்க" போனது. அதற்காக "வா" என்று சொல்லிவிடுகிற ஆளும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தவர். இரண்டு மாடிக்கு நடுவில் என்னை நிறுத்திவிட்டார். "வந்தாச்சா?" "சாப்பிட்டாச்சா?" "கிளம்பியாச்சா?" யாரிடம் கேட்கிறார் என்று அந்தக் கேள்வியில் ஆளே இருக்காது. நானும் ஆளில்லாமலேயே "ஆச்சு" என்பேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினோரு வருடம் காப்பீட்டுப் படிவங்களுக்குப் புரோகிராம் எழுதியவன் நான். "திருமணமானவரா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று போட்டால் "துணைவர் பெயர்" கட்டம் மங்கிப் போக வேண்டும். இதுதான் என் சாதனை. பக்கத்திலேயே, யாரும் கேட்காமல், திரையில் ஆடுகிற, அசைகிற பொம்மை வேலைகள் செய்துகொண்டிருந்தேன். கடைசியாகச் செய்தது ஒரு கதவு. காமிராவைப் பார்த்துக் கையை ஆட்டினால் திரையில் திறக்கும்.

பழைய தபால் நிலையத்தைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்களே, அதன் பொறுப்பாளர் அம்மாளிடம் இன்று அதைக் காட்டினேன். நாலு விநாடி பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா கதவுன்னா உள்ள போக முடியணும்ல?" என்றார். ஏப்ரல் பத்தாம் தேதி திறக்கும் கண்காட்சியில் ஒரு அறை தருகிறாராம், உள்ளே போக முடிகிற கதவாக இருந்தால்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆணி அடித்ததில்லை இந்தக் கையால்.

பழைய அலுவலக மேலாளர் என் நாற்காலியை ஏப்ரல் முப்பது வரை காலியாக வைத்திருக்கிறார். எனக்கும் மனைவிக்கும் உள்ள ஒப்பந்தமும் அதே தேதிதான். அதற்குள் "இன்னொண்ணு செஞ்சு குடுங்க" என்று உலகத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திரும்பவும் துணைவர் பெயர் கட்டம்.

மார்ச் 6, வெள்ளி

தச்சுப் பட்டறைக்குப் போனேன். தச்சர் ஆறடிக்கு மேல். கதவு வேண்டும் என்றேன். எந்தச் சுவருக்கு என்றார். சுவர் கிடையாது என்றேன். உளியைக் கீழே வைத்தார்.

"சுவர் இல்லாம கதவா? அப்ப யாரு சார் அது வழியா போவாங்க?"

"போக வைக்கணும். அதுதான் சார் கலை."

தச்சர் நான் கொண்டுபோயிருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அதில் எல்லா அளவும் மில்லிமீட்டரில், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை இருந்தது. மழை பெய்தால் மரமே மூன்று மில்லி ஊதும், இந்தப் புள்ளி ரெண்டை யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டார்.

மோட்டாருக்கு ஒரு துளை மட்டும் நானே போடுகிறேன் என்று துளைப்பானை வாங்கினேன். போட்டேன். தப்பான பக்கம். என் இடது கை தானாக மேசையின் மேல் இரண்டு விரலை வைத்து அழுத்தியது. கீபோர்டில், செய்ததை ரத்து செய்கிற அன்டூ அங்கேதான் இருக்கும். தச்சர் என்ன தேடறீங்க என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 11, புதன்

நிலையும் கதவும் வந்துவிட்டன. கீழே கூடத்தின் நடுவில்தான் இடம் இருந்தது. மாமா செய்தித்தாளை எடுக்கப் போகும்போது அதைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போதும் சுற்றிக்கொண்டு வந்தார்.

மார்ச் 12, வியாழன்

ஆள் கிட்டே வந்தால் மோட்டார் கதவைத் திறக்கும், கதவு "வாங்க" என்று சொல்லும். குரல் என்னுடையது. வேறு யாரும் சும்மா பேசித் தர மாட்டார்கள்.

திரையில் இருந்தவரை என் உலகத்தில் வெயில் கிடையாது. இங்கே பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்ததும் சென்சாருக்குக் கண் தெரியவில்லை. திரைச்சீலையைப் போட்டு மறைத்தேன். பிறகு கதவு விடாமல் "வாங்க, வாங்க" என்றது. யாரும் இல்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது, மூலையில் நின்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்த மின்விசிறி. இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு வரவேற்பு. கணக்கெடுத்துப் பார்த்தேன்: நானூற்றுப் பன்னிரண்டு முறை. அத்தை ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கரண்டியோடு வந்து மின்விசிறியைப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு ஜனவரிக்கு அப்புறம் ஒரு "வாங்க" இல்லை. மின்விசிறிக்கு நானூற்றுப் பன்னிரண்டு!

மார்ச் 16, திங்கள்

ஒரு சிக்கல். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் கதவைப் பார்க்க வந்தாள். "வாங்க" என்றது. அவள் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறது என்று பார்த்தாள். நாலு வயதுக் குழந்தையை யார் வாங்க என்பார்கள்? அப்படியென்றால் "வா" என்று மாற்றினால் பெரியவர்கள் கதவை உடைப்பார்கள்.

ஒரே ஒரு "வா"வை வைத்துக்கொண்டு உலகத்தில் எல்லோரையும் கூப்பிடுகிற பாஷைகளும் இருக்கின்றன. அங்கே இந்நேரம் வேலையை முடித்துத் தூங்கியிருப்பார்கள். எனக்கு மரியாதை ஒரு 'இஃப்' கண்டிஷன்.

என் மனைவி பல் மருத்துவர். அறைக்குள் என்னை "நீ" என்பாள், கூடத்துக்கு வந்தால் "நீங்க". படிக்கட்டில் எந்தப் படியில் மாறுகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. அவளிடமே கேட்டேன்: உன்னிடம் குழந்தையும் வருகிறது, கிழவரும் வருகிறார், அரும்புமீசையும் வருகிறது. எதை வைத்து முடிவு செய்வாய்?

"நான் 'ஆ'ன்னு மட்டும்தான் சொல்வேன். அவங்களே வாயத் தொறந்துடுவாங்க."

எட்டு வருடம் படித்த படிப்பு.

மார்ச் 19, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! உயரம். நிலையின் உச்சியில் ஒரு சென்சார், கீழே பார்த்தபடி. ஆள் உள்ளே நுழையும்போது தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும். நூற்றைம்பது சென்டிமீட்டருக்கு மேல் என்றால் "வாங்க, வணக்கம்." கீழே என்றால் குழந்தை. வாடா, வாடி என்றால் ஆணா பெண்ணா என்று வேறு தெரிய வேண்டும், அதனால் பொதுவாக "வா வா குட்டி. தடுக்கிடாம வா." கொஞ்சுகிற குரலில் நானே பேசிப் பதிந்தேன். கேட்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது.

முதல் சோதனைக்குத் தச்சரைக் கூப்பிட்டேன். ஆறடி மனிதர். வந்தார். "வா வா குட்டி" என்றது.

தச்சர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். வாழ்க்கை முழுதும் நிலைப்படியில் தலை இடிபட்டவராம், எந்தக் கதவைக் கண்டாலும் குனிந்துவிடுவாராம். குனிந்த உயரம் நூற்று நாற்பத்தொன்பது. அதைச் சரி செய்தேன்: இனி குனிவதற்கு முன்னால், இரண்டடி தள்ளி வரும்போதே அளந்துவிடும்.

அத்தை போனார். நல்ல உயரம் அவர். "வாங்க, வணக்கம்" என்றது. வெளியே வந்து திரும்பப் போனார். மறுபடியும். பத்துத் தடவை இருக்கும். இந்த வீட்டில் தன்னை வாங்க என்று கூப்பிட ஒரு ஜீவன் வந்திருக்கிறது என்று டாக்டரிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னார்.

மாமா சுற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 20, வெள்ளி

நானூறு தடவை சோதித்தாயிற்று. ஒரு தவறு இல்லை. சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் பிரமாதம்.

மார்ச் 27, வெள்ளி

மேலாளர் ஃபோன் செய்தார். நாற்காலியில் இப்போதைக்குத் தன் பையை வைத்திருக்கிறாராம். முப்பதாம் தேதிக்கு மேல் பையை எடுத்துவிட்டு ஆளை உட்கார வைத்துவிடுவாராம். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். கதவு என்றேன். யாருக்கு என்றார். தச்சர் கேட்ட அதே கேள்வி.

கீழே கூடத்தில் அப்போது மாமாவும் இருந்தார். பேப்பரைத் தாழ்த்தவில்லை, ஆனால் பக்கம் திருப்புகிற சத்தமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. கதவு, கதவுக்குள் போகவில்லை.

கலைக்கூடத்து அறை வாசல் நாம் செய்த நிலையைவிட நாலு விரல்கடை குறுகல். இரண்டு வாரமாகத் தலைகளை அளந்துகொண்டிருந்தேன், அந்த வாசலை அளக்கவில்லை. நாலு பேர் நிலையைப் படுக்க வைத்து, சாய்த்து, நிமிர்த்தி, நான் நடுவில் நின்று "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது" என்று கத்தி, பொறுப்பாளர் அம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தச்சர்தான் காப்பாற்றினார். ஆணியே அடிக்கவில்லையாம், எல்லாம் ஆப்புதானாம். தட்டிக் கழற்றி, உள்ளே கொண்டுபோய், திரும்பப் பூட்டினார். "நீங்க இப்படி ஏதாவது பண்ணுவீங்கன்னு தெரியும் சார். அதான் மொதல்லயே ஆப்பு வச்சேன்." அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மாமாவைப் போலச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்களே என்று நிலையின் இரு பக்கமும் சுவர் வரைக்கும் கயிறு கட்டிவிட்டேன். இனி எல்லோரும் உள்ளே புகுந்துதான் ஆக வேண்டும். என் யோசனைதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

போச்சு.

எல்லாம் போச்சு.

வரிசையாக எழுதிவிடுகிறேன், எழுதினாலாவது ஆறுகிறதா பார்க்கலாம். மாலை ஐந்து மணி. நாற்பது பேர் இருக்கும். கூட்டத்தில் கேட்க வேண்டுமே என்று குரலின் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். மாமா இஸ்திரி போட்ட சட்டையில், பையில் அலுவலகப் பேனாவோடு வந்திருந்தார். வருவார் என்றே நினைக்கவில்லை. மனதுக்குள் எவ்வளவு சந்தோஷம் எனக்கு! பொறுப்பாளர் அம்மாள் கேட்டார், முதலில் யார் போகிறார்கள்? வீட்டுப் பெரியவர் போகட்டும் என்று அவரே சொல்லி மாமாவுக்குக் கையைக் காட்டினார்.

மாமா இடதுபக்கம் பார்த்தார், கயிறு. வலதுபக்கம் பார்த்தார், கயிறு. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நடந்தார்.

என் கையில் இருந்த திரையில் "147" என்று வந்தது. பக்கத்திலேயே "குழந்தை" என்று வந்தது.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் எனக்கு எதற்குத் தொண்டை? அதுதான் பதிவு செய்து வைத்திருக்கிறேனே. என் குரலிலேயே, நாற்பது பேர் முன்னால், கூடமே அதிர, கொஞ்சிக் கொஞ்சி என் மாமனாரைப் பார்த்து:

"வா வா குட்டி. தடுக்கிடாம வா."

மாமா அப்படியே நின்றார். அப்புறம் ஒரு சிரிப்பு கேட்டது. அத்தை. கையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு யாரை நிறுத்துவது? நாற்பது பேரும்.

மாமா தடுக்காமல்தான் நடந்தார். கதவைத் தாண்டி, அந்தப் பக்கத்து வழியாக இறங்கி, தெருவில் போய்விட்டார்.

ஏப்ரல் 11, சனி

என்னடா பண்ணி வச்சிருக்க? நானூறு தடவ டெஸ்ட் பண்ணியே, ஒரு தடவ — ஒரே ஒரு தடவ — வீட்ல இருக்கிற மனுஷனக் கூப்பிட்டு நிக்க வச்சுப் பாத்தியா? அவர் குள்ளம்னு உனக்குத் தெரியாதா? ஒம்போது வருஷமா தெரியும். தெரியும், ஆனா தெரியல. மாமனார்னா நம்ம மனசுல உயரமா இருக்காரு, அதான். இதப் போய் அவர்ட்ட சொல்ல முடியுமா? சொன்னா இன்னும் மோசம்.

காலையில் கீழே போனேன். "எழுந்தாச்சா?" இல்லை. "சாப்பிட்டாச்சா?" இல்லை. அத்தையோடும் பேச்சு இல்லை, சிரித்ததற்காக. மாமா தொலைக்காட்சியைப் பார்த்து "சத்தம் ஜாஸ்தி" என்றார். இன்று அவர் பேசியது அதனிடம் மட்டும்தான்.

அத்தை எனக்குத் தட்டு வைக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "விடுங்க மாப்பிள்ளை. நாப்பத்தொரு வருஷமா நான் சொல்ல நெனச்சத உங்க கதவு சொல்லிடுச்சு."

ஏப்ரல் 13, திங்கள்

கண்காட்சியில் என் அறையில்தான் கூட்டமாம். எதற்கு? வளர்ந்த ஆண்கள் முட்டி போட்டுக்கொண்டு வந்து குட்டி என்று கூப்பிடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர், "வாங்க, வணக்கம்" வாங்கிக்கொண்டாள். பின்னால் வந்த அவள் அண்ணன் குட்டி ஆனான். வருகையாளர் புத்தகத்தில் ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தலைமை ஆசிரியை. உங்கள் கதவிடம் சொல்லி வைக்கவும்."

பொறுப்பாளர் அம்மாள் அதைப் படித்துக் காட்டினார். அவரும் ஒன்றும் உயரமில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் அவர் அறைக்குள் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா மூடிடலாம்," என்றார்.

மூடினால் முப்பதாம் தேதிக்குள் இன்னொன்று கேட்க யார் மிச்சம்?

ஏப்ரல் 15, புதன்

நூற்று நாற்பது என்று குறைத்தேன். தலைமை ஆசிரியை தப்பித்தார், ஆனால் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் வாங்க ஆகிவிட்டது. நூற்று நாற்பத்தைந்து. முதுகு வளைந்த ஒரு பாட்டையா மாட்டினார். எந்த எண்ணைப் போட்டாலும் அந்த எண்ணுக்குக் கீழே ஒரு பெரிய மனுஷர் நிற்கிறார். எல்லோருக்கும் "வாங்க" என்று வைத்தேன். குழந்தைகள் திரும்பிப் பார்க்கின்றன, பின்னால் யார் என்று.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை. குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, வாசலிலேயே நின்றேன். மாமா உள்ளே நாற்காலியில் இருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியும். நான் நின்றுகொண்டே இருந்தேன். எதற்கு நிற்கிறேன்? கால் ஈரம் உள்ளே போகக் கூடாதென்றா? இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக. மூன்று மாதமாக நான் கரித்துக்கொட்டிய அந்த ஆளில்லாத வார்த்தை இல்லாமல் எனக்கு உள்ளே போகத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது, மழை இருந்ததால் மானம் பிழைத்தது.

மாடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் மரியாதையை வெட்டிவிட்டார் என்று நினைத்தேன். "வா" என்று சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை, "வாங்க" என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் பத்தாம் தேதி வரை ஒரு நாள்கூட வாசலில் என்னைக் கேட்காமல் விட்டதில்லை. என் கதவுக்கும் அதே கஷ்டம்தானே? யாரென்று தெரியாத ஆளை எப்படிக் கூப்பிடுவது?

நாளைக்கு மாற்றப் போகிறேன். சென்சார் அளக்க வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை.

ஏப்ரல் 16, வியாழன்

அதற்கு முன்னால் மன்னிப்பு. இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய் நின்றேன். வாய் திறந்ததும் வந்தது இது: "மன்னிச்சிடுங்க மாமா. உங்க உயரம் எனக்குத் தெரியாமப் போச்சு."

டாக்டர் படிக்கட்டிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமா பேப்பரை மடித்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். லிஃப்ட் கதவு முப்பத்து நாலு வருடம் பார்த்தாயிற்று. நடுவில் ஆள் இருக்கா இல்லையா, அதைத்தான் கதவு பார்க்கணும். ஆள் பெரிசா சின்னதான்னு எந்தக் கதவும் கேட்டதில்லை. அப்புறம், வயர் தரையில் கிடக்கிறது, யாராவது விழப் போகிறார்கள். கதவு மூடும்போது விரல் மாட்டும். அன்னிக்கே பார்த்தது.

அந்த நிலைமையிலும் வயரைப் பார்த்திருக்கிறார்.

ஏப்ரல் 18, சனி

காலை பத்து மணியிலிருந்து கதவு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறது. என் குரல்தான், ஆனால் மாமா கேட்கிற மாதிரி, கடைசியில் கொஞ்சம் இழுத்து: "வந்தாச்சா?"

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பதில் சொல்கிறார்கள்! "வாங்க" என்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. "வந்தாச்சு வந்தாச்சு." "இப்பதான்." ஒருவர் பஸ் கிடைக்கவில்லை என்று கதவிடம் காரணம் சொன்னார். ஒரு குழந்தை "அம்மா இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு அம்மா வரும்வரை கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றது. மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் நின்று, "ஆச்சு. இன்னிக்கு ரொம்ப நேரமாயிடுச்சு" என்றார். பிறகு அந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதார். கேட்டால், ஒன்றுமில்லை, வீட்டில் இப்போது கேட்க ஆளில்லை என்றார்.

பொறுப்பாளர் அம்மாள் இன்று முன்பக்கமாக வந்தார். நிமிர்ந்து, நிலையின் நடுவில், நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 22, புதன்

கேட்டுவிட்டார்கள்!!

நகர நூலகம். நுழைவுக் கூடத்துக்கு இதே மாதிரி ஒன்று, நிரந்தரமாக. உலகத்தில் ஒருவர் கேட்டாயிற்று. டாக்டர் கூடத்தில் எல்லோர் முன்னாலும் என்னை "டேய்" என்றாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு நிபந்தனை. மோட்டாரில் ஓடுகிற கதவாம், பொது இடமாம். பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். முப்பதாம் தேதிக்குள்.

வீடே மாமாவைப் பார்த்தது. அவர் உரிமம் இன்னும் இரண்டு வருடத்துக்குச் செல்லும். மாமா எழுந்து கை கழுவப் போனார்.

ஏப்ரல் 25, சனி

காலை எட்டு மணிக்குக் கீழே இறங்கினால் மாமா கிளம்பித் தயாராக நிற்கிறார். பழைய தோல்பை, அளவு நாடா, டார்ச். எங்கே என்று கேட்கவில்லை. பின்னாலேயே போனேன்.

கலைக்கூடத்தில் மூன்று மணி நேரம். தரையில் படுத்து மோட்டாரைப் பார்த்தார். மரக்கட்டையைக் கதவிடுக்கில் கொடுத்து நெரித்துப் பார்த்தார். வயரை இழுத்தார். தச்சரின் ஆப்பைத் தட்டிப் பார்த்து "யாரு வேல இது?" என்றார், நல்லவிதமாக. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் கதவு அவரைக் கேட்டது: "வந்தாச்சா?" முதலில் காது கேளாதவர் போல இருந்தார். பத்தாவது தடவையோ என்னமோ, குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே "ம்... வந்தாச்சு" என்றார். பிறகு பேனா நின்றது. யாருடைய வார்த்தை அது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கயிற்றை அவிழ்ப்பது போல நடித்தேன்.

பதினோரு குறைகள். வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் திருத்தினால் கையெழுத்துப் போடுவீர்களா மாமா என்று கேட்டேன். மாட்டாராம். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆய்வாளருக்கும் உரிமையாளருக்கும் உள்ள உறவு" என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்: மாப்பிள்ளை.

"உறவுக்காரன் கையெழுத்து செல்லாது. விதி அப்படி," என்றார்.

ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடமிருந்து அந்த வார்த்தை. அதுவும் என்னை நிராகரிப்பதற்கு ஆதாரமாக. அந்தப் படிவத்தின் நகலை வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

பதினோரு குறையையும் திருத்தியாயிற்று. மாமாவிடம் முன்பு உதவியாளராக இருந்தவர் இப்போது ஆய்வாளர். வந்தார், ஒரு மணி நேரம் பார்த்தார். பன்னிரண்டாவதாக ஒரு குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றார். முடியவில்லை. கையெழுத்து ஆனது.

ஏப்ரல் 30, வியாழன்

காலையில் மேலாளருக்கு எழுதிவிட்டேன்: பையை எடுத்துவிடலாம், நான் வரவில்லை. மதியம் நூலகத்தில் ஒப்பந்தம். இந்தத் தடவை முதல் வேலையாக அவர்கள் வாசலை அளந்தேன்.

மாலையில் மழை. குடையை நூலகத்திலேயே விட்டுவிட்டேன். தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றேன், பழக்கம், அந்தக் கேள்விக்காக. மாமாவே எழுந்து வந்து கதவைத் திறந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

"வா வா குட்டி. தடுக்கிடாம வா."

சமையலறையில் அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது.

என் உயரம் நூற்று எழுபத்தெட்டு. நன்றாகக் குனிந்து உள்ளே போனேன்.